பணி நீங்கி

என் அண்ணன் தங்கதுரை கட்சி மேடையில் பேசினால் காதில் தேன் பாயும் என்று ஓசூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். வக்கீல் வேறு. அந்தத் திமிரில்தான் கெம்பம்மாவை அவரிடம் கூட்டிப்போனேன்.

கெம்பம்மா கம்பெனியில் என் பக்கத்து டேபிளில் ஒயர் கோர்த்தவள். வீட்டில் கன்னடம், லைனில் தமிழ். ஒரு சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து போனவளைத் திங்கட்கிழமை கேட்டிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேட்டால், அவளாகவே வேலையை விட்டுப் போய்விட்டாள் என்று சாதித்தார்கள். கம்பெனி நிறுத்தியதா, இவள் நின்றுகொண்டாளா, வழக்கே அவ்வளவுதான்.

"சனிக்கிழமை என்னம்மா நடந்துச்சு?" என்று ஆபீஸில் கேட்டார் அண்ணன்.

"வேலை விட்டுச்சுங்க சார். வூட்டுக்கு வந்துட்டேன்."

"கோர்ட்டுல இப்படிக் கொச்சையா பேசுனா எவன் மதிப்பான்? 'அன்று மாலை பணி நீங்கி இல்லம் ஏகினேன்.' எங்க, சொல்லு பாப்போம்."

'ஏகினேன்' அவளுக்கு வாயில் நுழையவில்லை. டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவைத்து நான்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். பெரிய வாத்தியாரம்மா!

லேபர் கோர்ட்டில் கம்பெனி வக்கீலும் அதே கேள்வியைத்தான் கேட்டார். கெம்பம்மா கையைக் கட்டிக்கொண்டு ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தாள்.

"நீங்களே பணி நீங்கினீங்க?"

"ஆமாங்க சார்."

அவர் நீதிபதி பக்கம் திரும்பினார். "நிர்வாகம் நீக்கலைங்க ஐயா. இவங்களே நீங்கிட்டாங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போனது. அண்ணன் எழுந்தார். 'ஷிப்ட் முடிஞ்சதைத்தான் அப்படிச் சொன்னாங்க, அந்த வார்த்தை நான் சொல்லிக்கொடுத்தது' என்று ஒரு வரி சொன்னால் போதும். அவர் உழைப்பாளியின் வியர்வையில் தொடங்கி, தமிழின் தொன்மைக்குப் போய்விட்டார்.

"வக்கீல் சார், இது மேடை இல்ல," என்றார் நீதிபதி. "அந்த வார்த்தைக்கு உங்க விளக்கம் என்ன?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். "என் கட்சிக்காரர் கன்னடம் பேசுறவங்க. தமிழ்ல பிழையா சொல்லிட்டாங்க."

பொய் என்று எழுந்து சொல்லியிருக்கலாம். கூடப்பிறந்தவன் மானம் போகுமே என்று பெஞ்சோடு ஒட்டிக்கொண்டு கிடந்தேன். என்ன ஜென்மமோ நான்.

சாட்சி அவ்வளவுதான் என்று எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் கெம்பம்மா என் கையைப் பிடித்தாள். "அக்கா, 'ஏகினேன்' சரியாத்தானே சொன்னேன்? எங்க தப்புப் பண்ணேன்?"

அதற்குள் அண்ணன் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு வந்தார். அவள் ஓடிப்போய்க் கும்பிட்டாள்.

"மன்னிச்சுருங்க சார். நீங்க அவ்ளோ சொல்லிக்குடுத்தும், எனக்குத் தமிழ் வரலை."

"பரவால்லம்மா," என்றார் என் அண்ணன்.