பேன் பீப்பாய் யுத்தம்

ஒரு தோட்டாகூடச் செலவழிக்காமல், துருப்பிடித்த ஒரு தகரப் பீப்பாயை வைத்துக்கொண்டு, விதோசாவா இத்தாலிய ராஜாங்கத்தையே அம்மணமாக்கிச் சிறைபிடித்தாள். நம்ப முடியவில்லையா? தாரா ஆற்றங்கரையில் அன்றைக்கு அவளுடைய சொந்தப் படையே நம்பவில்லை.

அவளுக்கு வயது பத்தொன்பது. காட்டுக்குள் வந்து, நாட்டைப் பிடித்திருந்த இத்தாலியர்களை எதிர்த்த கொரில்லாப் படையில் சேர்ந்து ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது. கையில் இன்னும் துப்பாக்கி இல்லை. எதிரியிடமிருந்து யார் பறிக்கிறாரோ, பறித்தது அவருக்கே சொந்தம் என்பது மலையில் சட்டம். பறிக்க அனுப்பினால்தானே பறிப்பது? அவளைப் பேன் பீப்பாய்க்கு அதிகாரியாக்கி வைத்திருந்தார்கள்.

அந்த வசந்தத்தில் பேன்கள் ஆட்டுக்குட்டி அளவுக்கு வளர்ந்திருந்தன. அவை கொண்டுவந்த டைபஸ் காய்ச்சல், எதிரியைவிட அதிகமாக ஆட்களைச் சாய்த்தது. அதற்குத்தான் பீப்பாய்: அடியில் தண்ணீர், நடுவில் மரச்சட்டம், மேலே துணிமணி, இறுக்கிய மூடி, கீழே தீ. ஆவியில் வெந்தால் பேனும் சாகும், ஈரும் சாகும். துணி வேகும்வரை, காவலர்களைத் தவிர, படை முழுவதும் வைக்கோல் கொட்டகைக்குள் போர்வையைச் சுற்றிக்கொண்டு கிடக்கும்.

கொட்டகைக் கதவிடுக்கில் ஒரு மீசை எட்டிப் பார்த்தது. துணைத் தளபதி ஸ்பாசோயே. தன் பிறந்தநாளையே சாட்சி கேட்டுத்தான் நம்புகிற மனிதர்.

"விதா, என் கால்சட்டை வெந்துச்சா?"

"உருளைக்கிழங்கா அது, குத்திப் பாத்துச் சொல்ல? கதவைச் சாத்துங்க தோழர்!"

"போன தடவை முழங்காலுக்கு மேல சுருங்கிப்போச்சும்மா."

"உங்க பேனோட சேத்து உங்களையே உள்ள போட்டிருக்கணும். சாத்துங்க!"

கதவு சாத்திக்கொண்டது. விறகைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தால், எதிரே ஏழு இத்தாலியர்கள். காவலர்கள் மேலே பாதையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர்கள் வழிதவறி ஆற்றுப்படுகையோடு நடந்து வந்திருந்தார்கள்.

குளிர்காலம் பூராவும் ஒரு இத்தாலியனைக் காட்டு காட்டு என்று கெஞ்சினேன், இன்றைக்குத்தானா என்று விதோசாவாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தினால் கொட்டகையிலிருந்து அம்மணப் படை ஓடிவரும், வாசலிலேயே சுட்டு அடுக்கிவிடுவார்கள். பீப்பாயைக் கிளறினாலும் போச்சு. துணிகளுக்கடியில் படையின் சிவப்பு நட்சத்திரத் தொப்பிகள்.

அவர்களுடைய கார்ப்பரல் மூடியைத் தூக்கினான். ஆவி முகத்தில் அடித்தது. அவன் தொப்பிகளைப் பார்க்கவில்லை. துணிமேல் வெந்து கிடந்த பேன்களைப் பார்த்தான். சொந்த ஊர்க் கோயில் கோபுரத்தைக் கண்டவன்போல் அவன் கண் கலங்கியது. ஒரு கை அக்குளைச் சொறிய, மறு கை தன் சட்டையையும் பீப்பாயையும் மாறி மாறிக் காட்டியது. பின்னாலிருந்த ஆறு பேரும் சொறிந்த சொறியில் பிளம் மரத்திலிருந்து பூ உதிர்ந்தது.

பழக்கதோஷத்தில், தன் படையை அதட்டுகிற அதே குரலில் அதட்டிவிட்டாள்.

"எல்லாத்தையும் கழட்டு! ஒட்டுத்துணி இருக்கக்கூடாது! உனக்கென்ன தனியாச் சொல்லணுமா? கோவணத்தையும்தான்!"

பாஷை புரியவில்லை, குரல் புரிந்தது. துப்பாக்கிகளை மரத்தில் சாய்த்துவிட்டு, வேலிக்குப் பின்னால் போய்க் கழற்றி, அம்மாவிடம் அழுக்குத்துணி கொடுக்கிற பிள்ளைகள்போல் நீட்டினார்கள். எல்லாவற்றையும் திணித்து மூடினாள். மரத்தடிக்கு நடந்தாள். திரும்பியபோது அவள் கையில் ஒரு துப்பாக்கி இருந்தது.

"நடங்கடா."

அவர்களைக் கொட்டகைக்குள் ஓட்டியபோது எழுந்த அலறல் ஆற்றின் அக்கரைக்குக் கேட்டிருக்கும். அலறியது இத்தாலியர்கள் அல்ல. பொண்ணு உள்ளே வந்துவிட்டாள் என்று வைக்கோலுக்குள் பாய்ந்த அவளுடைய தோழர்கள்.

கைதிகளைக் கட்டி, காவலைப் பலப்படுத்திய பிறகு பஞ்சாயத்து வெளியே கூடியது. விதோசாவா துப்பாக்கியைக் கீழே வைக்கவே இல்லை.

"அதை வைம்மா," என்றார் ஸ்பாசோயே. "பறிச்சாத்தான் சொந்தம். யார் பாத்தா? எல்லாரும் உள்ள இருந்தோம்."

"பிடிபட்டவங்களையே கேளுங்களேன்!"

இத்தாலியம் தெரிந்த நிக்‌ஷா கேட்டான். கார்ப்பரல் போர்வைக்குள் நெஞ்சை நிமிர்த்தி நீளமாகப் பேசினான்.

"முப்பது பேர் வளைச்சாங்களாம். ரெண்டு இயந்திரத் துப்பாக்கியாம். கடைசி மூச்சுவரை போராடினாங்களாம்."

"அடப் பொய்க்காரப் பயலே!" விதோசாவா தரையை உதைத்தாள். "ஏழு பேர் கோவணத்தையும் என் கையால வாங்கியிருக்கேன்! ரெண்டு பக்கமும் சேந்து என் வாயில மண்ணைப் போடுறீங்களா?"

"பாத்தியா, சாட்சியும் போச்சு." ஸ்பாசோயே மீசையை நீவினார். "நீயே யோசிம்மா. ஒரு பொண்ணு அதட்டினான்னு, புத்தியுள்ள எந்த ஆம்பளையாவது பட்டப்பகல்ல அத்தனையும் கழட்டிட்டு நிப்பானா?"

எல்லார் கண்ணும் மெதுவாகக் கீழே இறங்கி, அவருடைய போர்வைக்கடியில் தெரிந்த ரோமம் அடர்ந்த இரண்டு முழங்கால்களில் நின்றது. யாரோ இருமினார்கள்.

"தோழர், காலையில கழட்டச் சொல்லி உங்களை எத்தனை தடவை அதட்டினேன்?" என்று கேட்டாள் விதோசாவா.

ஸ்பாசோயே போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். காது சிவந்துவிட்டது.

"ஒரு தடவை," என்றார். அப்புறம், யார் முகத்தையும் பார்க்காமல், "துப்பாக்கி உன்னுதுதான், எடுத்துக்க. நடந்திருக்கு. நீ சொன்னபடியேதான் நடந்திருக்கு."