கரையில் ஒரு நாவல் மரம்

படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவன் அணைக் காவலாளிக்கு வைத்த பட்டப்பெயர் ஆட்டுவாய். பொருத்தமான பெயர்தான். ஏரியைத் தாங்கும் மண் கரையில் ஒரு செடி தலைகாட்டிவிடக் கூடாது, மனுஷன் வேரோடு பிடுங்கிவிடுவார். மண் அணையில் மரம் வளர்ந்தால் வேர் போன வழியே தண்ணீரும் போகும். புல்லைத் தவிர எதற்கும் அங்கே இடமில்லை.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு நாவல் மரத்தை மட்டும் பதினொரு வருஷமாக விட்டுவைத்திருந்தார். முன்பெல்லாம் சாயங்காலமானால் அவர் மனைவி அந்த இடத்தில்தான் உட்காருவாள். நாவல் பழத்தைத் தின்று கொட்டையை வேண்டுமென்றே கரையில் துப்புவாள். "முளைச்சா புடுங்குங்க பாப்போம்" என்று சிரிப்பாள். அவள் செத்துப்போன வருஷம் மழையில் இரண்டு இலை எட்டிப் பார்த்தது. குனிந்தவருக்கு மனசு வரவில்லை. பார்வையிட வரும் அதிகாரிகளோ படகில் ஒரு சுற்று சுற்றி, டீயைக் குடித்துவிட்டுப் போகிறவர்கள்.

தினமும் காலையில் கரையின் அடியில் கசியும் நீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்ப்பார். தெளிவாக இருந்தால் பயமில்லை. கலங்கியிருந்தால் உள்ளேயிருந்து மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். பதிவேட்டில் எழுதிவிட்டு மரத்தடியில் நின்று அவளிடம் நாலு வார்த்தை பேசுவார். பதில் வராததைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, மரத்துக்கு நேர் கீழே நீர் கலங்கி வந்தது. 'தெளிவு' என்று எழுதினார். சனிக்கிழமையும் அதையே எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை ஏரி முழுக்கப் படகுகள். கரைக்குக் கீழே புல்வெளியில் ஒரு குடும்பம் விரிப்பை விரித்துச் சாப்பாட்டைத் திறந்துகொண்டிருந்தது. டம்ளரில் நீர் டீ நிறத்தில் இருந்தது. அவர்களை மேட்டுக்கு விரட்டினார், படகுகளை நிறுத்தச் சொன்னார், இன்ஜினியர் அம்மாவுக்குப் போன் போட்டார்.

அந்த அம்மா வந்ததும் மதகைத் திறந்து நீர்மட்டத்தை இறக்கினார். பிறகுதான் மரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு பூண்டு விடமாட்டீங்களே, இது எப்படிண்ணே கண்ணுக்குத் தப்புச்சு?"

"தப்பலம்மா. நான்தான் விட்டேன். என் சம்சாரம் துப்புன கொட்டை. ரெண்டு நாளா பொய்யும் எழுதியிருக்கேன்."

அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"வேரோட தோண்டித்தான் ஆகணும். வேணும்னா அந்தக் கரையில, பூங்காவுல ஒரு கன்னு வச்சுக்கலாம்ணே."

"அங்க அவ உக்காந்ததே இல்லம்மா."

மரத்தைத் தோண்டி, குழியில் களிமண் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்த ஒன்பது நாள் ஆனது. கலங்கல் நின்றதா என்று ஏரியை மறுபடி நிரப்பிப் பார்த்தார்கள். அன்று காலை டம்ளரைத் தூக்கினார். அதன் வழியே அந்தப் பக்கத்துப் புல்கூடத் தெரிந்தது. 'தெளிவு' என்று எழுதினார்.

"எல்லாம் சரியாயிடுச்சுடி" என்று சொல்லத் திரும்பினார். கரையில் புல் மட்டும்தான் இருந்தது. அவள் இல்லை என்பது பதினொரு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.