மங்கை எடுத்த மார்க்கு

மங்கையின் ரத்தத்துக்கு ஒன்றரைதான் வந்திருக்கிறது என்று கேட்ட நாளிலிருந்து எத்திராஜுக்குச் சோறு இறங்கவில்லை. காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவன். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் கொட்டாவி விடுகிற ஆள். பெண்டாட்டிக்கு ஒன்று என்றால் மட்டும் கை கால் உதறல் எடுத்துவிடும்.

மங்கையின் இதயத்தில் பழுதான வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருந்தார்கள். அதில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கத் தினம் ஒரு மாத்திரை. மாத்திரை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பரிசோதனை. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கணக்குப் போட்டு ஓர் எண் சொல்வார்கள். எண் இறங்கினால் ரத்தம் கெட்டி, வால்வை அடைக்கும். ஏறினால் நீர்த்துப் போய்விட்டது, எங்கே கசியும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நின்றால் நல்லது. டாக்டர் ஜானட் இதையெல்லாம் பொறுமையாகத்தான் சொன்னார். எத்திராஜின் மண்டையில் ஏறியது கடைசி வரி மட்டும்.

"ஒண்ணரை பத்தாதுங்க, ஏறணும். மாத்திரையைக் கூட்டியிருக்கேன். திடீர்னு கீரையை அதிகமாக்கினா இறங்கிடும், பார்த்துக்கோங்க."

பார்த்துக்கொண்டான். அன்றைக்கே வீட்டில் பச்சை நிறத்துக்குத் தடை விழுந்தது. மங்கை வாரத்தில் பாதி நாள் முருங்கைக்கீரை இல்லாமல் சாப்பிட மாட்டாள். அது நின்றது. ரசத்தில் மிதந்த கொத்தமல்லியைக்கூடப் பொறுக்கி ஜன்னல் வழியாக வீசினான்.

"பச்ச பொடவையாச்சும் கட்டிக்கலாமா, இல்ல அதுவும் ரத்தத்துல எறங்கிடுமா?" என்றாள் மங்கை.

"நக்கல் வுடாதமே. இந்தத் தபா நீ நல்ல மார்க்கு எடுக்கணும்."

"எடுத்தா இன்னா பண்ணுவே, பேனர் வெப்பியா?"

வைத்தாலும் வைப்பான். பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்று ஒருநாள் அவள் சொன்னபோதுகூட அவன் அசரவில்லை. "மின்னாடி அடைச்சிகினு கெடந்துச்சு. இப்ப ஃப்ரீயா ஓடுது," என்று, டீசல் பைப்பைப் பார்த்த மெக்கானிக் மாதிரி தலையாட்டினான். அவளுக்குச் சந்தேகம்தான். ஆனால் அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த மறுநாள் காலை, மீன் ஏலம் நடந்துகொண்டிருந்த இடத்தில் எத்திராஜின் போனுக்கு முடிவு வந்தது. ஐந்து புள்ளி எட்டு. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் டீ சொன்னான்.

"எங்கூட்டுக்காரி அஞ்சு எட்டு எடுத்துகீறா," என்று போனைத் தூக்கிக் காட்டினான்.

அவன் படகில் வேலை பார்க்கும் உச்சிமாகாளி தூத்துக்குடிப் பக்கத்து ஆள். எதையும் நின்று நிதானமாகக் கேட்பவன். "மொத்தம் எத்தனைக்குண்ணே?" என்றான்.

எத்திராஜ் போனைத் திருப்பிப் பார்த்தான். எத்தனைக்கு என்று அவனுக்குத் தெரியவில்லை. அதற்குள் டாக்டரே கூப்பிட்டுவிட்டார்.

"இன்னைக்கு மாத்திரை கொடுக்காதீங்க. உடனே கூட்டிட்டு வாங்க. எங்கேயும் விழாம, இடிச்சுக்காம."

"டாக்டரம்மா, அஞ்சு எட்டு நல்ல மார்க்குதானே?"

"மார்க்கா? தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சா ஆளே போயிடுவாங்க எத்திராஜ்."

டீ குடித்த எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

ஆட்டோவில் அவன் படுத்திய பாட்டுக்கு டிரைவர் அழாத குறை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் நிறுத்தச் சொன்னான். ராயபுரம் பாலத்தில் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று ஐஸ் ஏற்றிக்கொண்டு இவர்களை முந்திப் போனது.

"எறங்கி நடந்தா ஜல்தியா பூடலாம்யா," என்றாள் மங்கை. அவனால் சிரிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜானட் விசாரித்தார். கீரை கதை முழுக்க வெளியே வந்தது. அதிகமாக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன், அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை, எப்போதும் தின்கிற அளவு தின்றால்தான் மாத்திரையை அதற்கேற்ற மாதிரி கொடுக்க முடியும் என்று சொல்லிச் சொல்லித் திட்டினார். எத்திராஜ் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான். அப்போது பிரஷர் பார்க்க வந்த நர்ஸ் மங்கையின் புடவைத் தலைப்பை ஒதுக்கினாள். முன்கையில் நீலமாகக் கன்றிப்போன தடம். ஒரு பக்கம் நாலு விரல், மறுபக்கம் கட்டைவிரல்.

நர்ஸ் எத்திராஜை மேலும் கீழும் பார்த்தாள். "யாரும்மா பண்ணது?"

"இவுருதான்," என்றாள் மங்கை. அவனுக்கு வேர்த்துக் கொட்டும் வரை காத்திருந்துவிட்டு மீதியைச் சொன்னாள். "நேத்து ரத்தம் குடுத்துட்டு போகச்சொல்ல ரோடு தாண்டினோம். கண்டெய்னர் லாரியா வந்துகினே இருந்துச்சு. பயந்துகினு கையைப் புடிச்சாரு. அம்புட்டுதான்."

எத்திராஜ் தன் கையைப் பார்த்தான். முந்தின நாள் பிடித்ததே அவனுக்கு ஞாபகமில்லை. அவ்வளவு பதமாகத்தான் பிடித்திருப்பான். அதற்கே இப்படி என்றால், வாசற்படி தடுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இத்தனை நாளும் தானே அவளைக் கொல்லப் பார்த்திருக்கிறோம், அதற்கு டீ வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

"நான் தொட்டதே இப்டின்னா..." என்று ஆரம்பித்தவன் அத்தனை பேர் முன்னால் அழுதான்.

மருந்து கொடுத்து ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் மதியம் எண் நாலுக்குக் கீழே இறங்கியது. டாக்டர் கூட்டிய மாத்திரையில் கொஞ்சம் குறைத்து, கீரை தின்னச் சொல்லி அனுப்பினார்.

ஆஸ்பத்திரி வாசலில் ரோடு தாண்ட நின்றார்கள். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசை விடாமல் வந்தன. மங்கை கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாய்யா, சாமியாராட்டம் நிக்கிறே?"

"தொட மாட்டேன்மே. மூணுக்கு வர்ற வரைக்கும் தொட மாட்டேன்."

மங்கை அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் கையைப் பின்னாலிருந்து இழுத்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ புடிக்க வேணாம். நான் புடிச்சிக்கிறேன். உன்னுது கெட்டி ரத்தம்தானே, தாங்கும்."

லாரிக்காரனை நோக்கி இன்னொரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அவனை இழுத்துக்கொண்டு நடந்தாள். வருஷக்கணக்கில் மீன் கூடை தூக்கிய கை. நன்றாகவே வலித்தது. எத்திராஜ் சொல்லவில்லை.