இறக்கத்தில் மூன்று சதவீதம்

கம்போங் ராஜாவில் உரக்கடையின் முன் பிக்கப்பை நிறுத்திய பிறகும் சீனி கதவைத் திறக்கவில்லை. திரையில் பேட்டரி நாற்பத்தாறு சதவீதம் என்றிருந்தது. செமோர் கிடங்கில் புறப்பட்டபோது தொண்ணூற்றெட்டு. சட்டைப் பையிலிருந்த நோட்டை எடுத்து ஸ்டீரிங்கின் மேல் வைத்து எழுதினார்: ஏற்றம், சுமை எழுநூறு கிலோ, தொண்ணூற்றைந்து கிலோமீட்டர், குறைந்தது ஐம்பத்திரண்டு.

பின்னால் வந்து நின்ற இன்னொரு மின்சார பிக்கப்பிலிருந்து அப்பாவு இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"என்னாண்ணே, கணக்கெழுதுற கிரானி வேலைக்கு மனு போட்டிருக்கீங்களா? மூட்டைய யாரு எறக்குறது?"

"எறக்கலாம்லா. மூட்டை எங்கயும் ஓடிராது. நம்பர்தான் ஓடிரும்."

ஆளுக்கு இருபத்தெட்டு மூட்டை. மலைக் குளிரிலும் இறக்கி முடித்தபோது இருவருடைய முதுகும் நனைந்திருந்தது.

கம்பெனி டீசல் வண்டிகளை விற்றுவிட்டு ஐந்து மின்சார பிக்கப்புகளை வாங்கி ஏழு மாதம் ஆகிறது. ஓட்டுநர்கள் வண்டியை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தங்கள் மீட்டரிலேயே சார்ஜ் செய்ய வேண்டும். அதற்குக் கம்பெனி கிலோமீட்டருக்கு ஒன்பது காசு, அதாவது நூறு கிலோமீட்டருக்கு ஒன்பது வெள்ளி, தரும். வண்டியோடு வந்த விளம்பரப் புத்தகத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு அது. புத்தகத்து வண்டியில் சுமை இல்லை, அது போன சாலையில் மலை இல்லை. சீனியின் வீட்டு மின் பில் ஏறிக்கொண்டே போனது. மனைவி குமுதா மசாலா தடவிய கோழியும் ஆட்டிறைச்சியும் வைத்து விற்றுவந்த பெரிய பிரீசரை மூன்று மாதமாக நிறுத்தி வைத்திருந்தாள். அது மறுபடி ஓடும் அளவுக்காவது கம்பெனியிடம் வாங்கிவிடலாம் என்பதில் சீனிக்குச் சந்தேகமே இல்லை.

திரும்பும்போது வளைவுக்கு வளைவு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டியைத் தன் பாரத்தில் இறங்கவிட்டார். உருளும் சக்கரம் பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். மலையடிவாரத்துச் சிம்பாங் பூலாயில் நாற்பத்தொன்பது. ஓரமாக நிறுத்தி அதையும் எழுதினார்: மலை இறக்கம், வெறும் வண்டி, அறுபத்தெட்டு கிலோமீட்டர், கூடியது மூன்று. அங்கிருந்து செமோர் வரை இருபத்தேழு கிலோமீட்டர், குறைந்தது ஒன்பது.

மறுநாள் காலையில் குமுதா வாசலில் குனிந்து, சார்ஜ் வயரோடு தனியாகப் பொருத்தியிருந்த சின்ன மீட்டரைப் படித்தாள்.

"அம்பத்திரண்டு யூனிட்."

"யூனிட்டு நாப்பத்தாறு காசு. இருவத்துநாலு வெள்ளி வருது. போகவர நூத்தித் தொண்ணூறு கிலோமீட்டருக்கு அவங்க குடுக்கிறது பதினேழு வெள்ளி பத்து காசு. ஒரு ட்ரிப்புக்கு ஏழு வெள்ளி நம்ம பாக்கெட்லேருந்து போவுது."

அவள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். "எறங்கும்போது கூடுனத எதுக்கு எழுதுனீங்க? யாராச்சும் கேட்டாங்களா?"

"கூடுனதையும் எழுதுனாத்தான் கொறஞ்சத நம்புவாங்க. எங்கம்மா எஸ்டேட்ல ரப்பர் பால் நிறுக்கிறப்ப அப்படித்தான். தராசு ஒரு ராத்தல் கூடக் காட்டுனா அதையும் கிரானிகிட்ட சொல்லிரும். அதனாலதான் கொறஞ்சிருக்குன்னு சொன்னா அது பேச்சு எடுபட்டுச்சு."

"எடுபட்டு? பங்களா கட்டுச்சாக்கும்."

சீனி சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

மூன்று வாரத்தில் பன்னிரண்டு ட்ரிப் எழுதியானதும், கிடங்கை ஒட்டிய அலுவலகத்தில் ஆர்த்திகாவின் மேசைமேல் நோட்டை வைத்தார். கம்பெனிக் கணக்கைப் பார்க்கும் பெண். இந்த வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான். அவள் முதல் பக்கத்திலிருந்து படித்தாள். குளிர்சாதனத்திலிருந்து நீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீங்களே எழுதினதா அங்கிள்?"

"ஆமாம்மா."

"இவ்வளவு சுத்தமா நாங்களே வச்சிருக்க மாட்டோம்." கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தாள். "ஏழு வெள்ளி நட்டம். சரியாத்தான் இருக்கு. மேலிடத்துக்கு அனுப்புறேன்."

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் சீனி பிரீசரைத் துடைத்துச் சுவிட்சைப் போட்டார். வார இறுதிக்குள் குமுதா முப்பது கிலோவுக்கு ஆர்டர் எடுத்திருந்தாள்.

பதினைந்து நாள் கழித்து ஒரு காலையில் கிடங்கின் பலகையில் சுற்றறிக்கை தொங்கியது. கூடவே சீனியின் நோட்டுப் பக்கம் ஒன்றின் நகல். அப்பாவு மலாயில் இருந்ததைப் படித்துத் தமிழில் சொன்னான்.

"ஏத்தத்துக்கு இனிமே கிலோமீட்டருக்குப் பதிமூணு காசு."

"நான் சொன்னேன்லா," என்றார் சீனி. இன்னொரு ஓட்டுநரான தர்மா அவர் தோளைத் தட்டினான்.

அப்பாவு விரலைக் கீழே நகர்த்தினான். "மலை எறக்கம் அறுபத்தெட்டு கிலோமீட்டருக்குக் காசு இல்ல. பேட்டரி அதுவா ஏறுதாம்." விரல் கடைசி வரிக்குப் போனது. "மிச்சத்துக்குப் பழைய ஒம்பது."

தர்மா கையை எடுத்துக்கொண்டு கைப்பேசியில் கணக்குப் போட்டான். "பதினாலு வெள்ளி எழுபத்தெட்டு காசு. முன்ன பதினேழு பத்து." அவன் அதைச் சீனியிடம் சொல்லவில்லை, பலகையைப் பார்த்துச் சொன்னான்.

"தப்பா புரிஞ்சிக்கிட்டாங்க," என்றார் சீனி. "போகவர மொத்தமா பாக்கணும். நான் போய்ப் பேசுறேன், இருங்க."

ஆர்த்திகா எழுந்து நின்றாள்.

"நீங்க குடுத்ததத்தான் அனுப்பினேன் அங்கிள். ட்ரிப்புக்கு ஏழு வெள்ளி கூடக் குடுக்கணும்னு எழுதியும் விட்டேன். மேலிடத்துல ஏத்தத்த அவங்க இஷ்டத்துக்குப் போட்டுட்டு, எறக்கத்த மட்டும் உங்க நோட்டுப்படி எடுத்துக்கிட்டாங்க."

"அப்ப பழைய ரேட்டே போதும்மா. எல்லாருக்கும் அதையே போட்டுறச் சொல்லு."

அவள் மேசையிலிருந்த பேனாக்களை ஒழுங்காக அடுக்கினாள்.

"பழைய ரேட்டு தப்புன்னு நீங்கதானே அங்கிள் காட்டுனீங்க."

சீனி கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே வந்தார்.

பலகையின் முன் ஓட்டுநர்கள் ஒவ்வொருவராகச் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். போடாதவருக்கு அன்று சரக்கு ஏற்ற மாட்டார்கள். கடைசியாகப் போட்ட அப்பாவு முகத்தைப் பார்க்காமல் பேனாவை நீட்டினான். சீனி அதை வாங்கிக்கொண்டு தன் பெயருக்குரிய கோட்டைத் தேடினார். அடியில் நான்கு கோடுகள்தான் இருந்தன, நான்கும் மற்றவர்களுடையவை. அவர் பெயர் மேலே, தேதிக்குப் பக்கத்தில் அச்சாகியிருந்தது: கணக்கைத் தயாரித்தவர், ஓட்டுநர் சீனி.