ஹென்றி பார்லோவுக்கு ஒரு பூசை

என் கணவர் பஸ்ரியன் வாயைத் திறப்பதே அபூர்வம். அப்படிப்பட்ட மனிதர் 1996 கோடை முழுக்கச் செத்துப்போன ஒரு பெடியனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் அப்பார்ட்மென்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே புல் வெட்டுவதும் சருகு வாருவதும்தான் அவருக்கு வேலை. மூலையிலிருந்த ஒரு கல்லில் பாசியைச் சுரண்டியபோது ஹென்றி பார்லோ என்ற பெயர் வந்ததாம், வயது பத்தொன்பது. மிச்சக் கதையை ஒஃபிஸில் இருக்கும் வெள்ளைக்காரி சொல்லியிருக்கிறாள். ரொறன்ரோவில் ஒரு பேக்கரிக்காரரின் மகன். 1864இல் வீட்டில் சொல்லாமல் எல்லை தாண்டிப் போய், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு ராணுவத்தில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்திருக்கிறான். ஐந்தே மாதம். சூடு பட்டுக்கூடச் சாகவில்லை, முகாமில் வயிற்றோட்டம் வந்து செத்தான்.

"தேப்பன் ரயிலேறிப் போய் உடம்பைக் கொண்டந்திருக்கிறார்," என்று சோற்றைப் பிசைந்தபடி திரும்பத் திரும்பச் சொல்வார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். எங்கள் மகன் றிச்சர்டும் வீட்டில் சொல்லாமல்தான் இயக்கத்துக்குப் போனான். அவனை யாழ்ப்பாணத்தில் என் தங்கையிடம் விட்டுவிட்டு நாங்கள் கனடா வந்த மறுவருடம், பதினெட்டு வயதில். ஒன்றரை வருடமாக ஒரு செய்தியும் இல்லை. ஆனால் அவன் இருக்கிறான் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. செவ்வாய்க்குச் செவ்வாய் அந்தோனியாருக்கு அவன் பெயரில் மெழுகுதிரி கொளுத்துகிறேன். செத்தவனின் கதை எனக்கு எதற்கு?

நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. செத்தவர்களின் பெயர்களை எழுதி உறையில் போட்டுக் கொடுத்தால் சுவாமியார் பூசையில் வாசிப்பார். ஐயா, அம்மா, மாமா, மாமி என்று நாலு பேரையும் எழுதினேன்.

"இன்னுமொரு பேர் போடவேணும்," என்றார் இவர்.

"ஆர், உங்கட ஆமிக்காரனோ? ஆமியால எங்கட சனம் பட்டது காணாதே?"

"பத்தொன்பது வயசப்பா. அவனுக்கெண்டு ஒருத்தரும் பூசை வைக்கேல்லை."

அவர் கண் கலங்கியிருந்தது. பாவமாகவும் இருந்தது, விசராகவும் இருந்தது. பேனையை அவர் பக்கம் தள்ளிவிட்டேன்.

"அப்ப நீங்களே எழுதுங்கோ. உந்த வெள்ளைக்காரப் பேர் எனக்கு எழுத வராது."

நெடுநேரம் குனிந்திருந்து எழுதினார். எழுதி முடித்ததும் உறையை ஒட்டிவிட்டார்.

சனிக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. சுவாமியார் ஒவ்வொரு வீட்டுப் பெயராக வாசித்து வந்தார். எங்கள் நாலு பேரும் போனார்கள். இனி அந்த ஆங்கிலப் பெயர் வரும், பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருக்கும் யோகமலர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கப் போகிறாள் என்று வெட்கத்துடன் காத்திருந்தேன்.

"பஸ்ரியன் றிச்சர்ட்," என்று வாசித்தார்.

மனிசன் பதறிப்போய்ப் பெயரை மாற்றி எழுதிவிட்டாரே, உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு இது என்ன தரித்திரம் என்று கோபத்துடன் திரும்பினேன். அவர் முழந்தாளில் இருந்தார். என்னைப் பார்க்காமல் ஜாக்கெட் பைக்குள் கைவிட்டு ஒரு கடிதத்தை எடுத்து என் மடியில் வைத்தார். தங்கையின் கையெழுத்து. மே மாத முத்திரை. மடிப்புகள் எல்லாம் கிழிந்திருந்தன.

சுவாமியார் அடுத்த வீட்டுப் பெயர்களுக்குப் போய்விட்டார். நான் என் மனிசனின் முதுகில் ஓங்கி அடித்தேன். யோகமலர் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு தரம் அடித்தேன். பிறகு கையை எடுக்க முடியவில்லை, அது அவருடைய முதுகிலேயே கிடந்தது.