மூணாம் நம்பர் டேங்க்

ஏணியின் ஒன்பதாவது படியில் நின்றபடி மீட்டரக்கா அதே இடத்தை மூன்றாவது முறையாகத் துடைத்தாள். பசையைத் தடவி, கட்டைவிரல் அளவிலான உணரியை வெல்டிங் இணைப்பின் மேல் வைத்து அழுத்தினாள். கழுத்தில் தொங்கிய கருவியில் எண் ஓடி ஓடி நின்றது. மூன்று புள்ளி நான்கு. போன மாதம் இரண்டு புள்ளி ஒன்று. விரிசலின் ஆழம் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினால் டேங்க்கைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. பாழாய்ப்போன எண், ஒரு தரமாவது பொய் சொல்லக் கூடாதா?

கீழே, மூணாம் நம்பர் டேங்க்கிலிருந்து பத்தடி தள்ளி, அவள் வீட்டுக்காரர் லாரிக்கு ஹோஸ் மாட்டிக்கொண்டிருந்தார். டேங்க்கில் இருந்தது ஹைட்ரஜன். அதற்கு வாசனை கிடையாது. பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் நெருப்பும் சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. சந்தேகம் வந்த இடத்துக்குப் பழைய ஆட்கள் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டுதான் போவார்கள். துடைப்பம் கருகினால் அங்கே நெருப்பு. "மாமியார் வீட்டுக்குப் போறப்பவும் இத எடுத்துட்டுப் போகலாம் போல" என்று அவர் கேலி செய்வார். அந்த வாயு இரும்புக்குள்ளேயே புகுந்து அதைக் காய்ந்த சுள்ளி மாதிரி ஆக்கிவிடும் என்பதை மட்டும் அவர் கேலி செய்ததில்லை.

இறங்கி வந்து அவரிடம் சொன்னாள். அவர் ஹோஸை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"கருவி தப்பா காட்டும். திரும்பப் பாரு."

"மூணு தரம் பாத்தாச்சு. ஆழம் தெரிஞ்ச மாதிரிக் கட்டையில வெச்சும் பாத்தேன். சரியாத்தான் காட்டுது."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "போன வருஷம் ஒருத்தன் இப்படித்தான் எழுதிக் குடுத்தான். அடுத்த வாரமே கேட்டுக்கு வெளிய நின்னான். உனக்கு எதுக்கு வேண்டாத வேலை? நம்ம ரெண்டு பேர் சோத்துலயும் மண்ணு விழும்."

"விழுந்தா தட்டிட்டுத் தின்னலாம். தினம் எட்டு மணி நேரம் இதுக்கடியில நிக்கிறது யாரு, எங்கப்பனா? நீங்கதானே!"

அவர் மறுபடி ஹோஸைக் கையில் எடுத்தார். வாய்தான் அவளுக்குப் பெரிது. உள்ளுக்குள் பயம்தான். இருந்தாலும் எண்ணை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போனாள்.

இன்ஜினியர் காகிதத்தை இரண்டு முறை படித்தார். திட்டு விழும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"டேங்க்ல எந்தப் பக்கம்?"

"இந்த ஜன்னலுக்கு நேரா, சார்."

அவர் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "நல்ல வேலை செஞ்சேம்மா. இன்னிக்கே நடவடிக்கை எடுத்துடறோம்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்காரரிடம் வந்தாள். "பாத்தீங்களா? உள்ளதச் சொன்னா யாரும் தலைய வாங்கிட மாட்டாங்க."

"உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்" என்றார் அவர். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மேஸ்திரி எட்டு ஆட்களைக் கூப்பிட்டார். வீட்டுக்காரரும் அதில் ஒருவர். இன்ஜினியர் அறையிலிருந்த மேஜை, பீரோ, ஏசி, நாற்காலி எல்லாவற்றையும் மதில் சுவருக்கு அப்பாலிருந்த கட்டடத்துக்குச் சுமந்தார்கள். இரண்டு மணி நேரம் ஆனது. இன்ஜினியர் தன் தண்ணீர் பாட்டிலை மட்டும் தானே எடுத்துப்போனார். பிறகு பெயிண்டர் வந்து டேங்க்குக்கு முன்னால் தரையில் நீளமாகச் சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு போர்டும் நட்டார்: 'கம்பெனி ஊழியர்கள் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.'

"டேங்க்க எப்பண்ணே காலி பண்றாங்க?" என்று மேஸ்திரியிடம் கேட்டாள் மீட்டரக்கா.

"கையில இருக்கிற ஆர்டர் முடியணுமாம். இருபது நாள் ஆகும்."

"அதுவரைக்கும் லோடு ஏத்துறவங்க?"

"போர்டப் படிக்கலையா? கம்பெனி ஊழியர்னுதானே போட்டிருக்கு. நாம காண்ட்ராக்ட்டும்மா." மேஸ்திரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அப்புறம், மாசம் ஒரு தரம் பாத்தா போதாதாம். இனிமே நீ தினமும் அளந்து சொல்லணுமாம்."

வீட்டுக்காரர் தோளைத் தேய்த்துக்கொண்டே வந்து, அடுத்த லாரிக்கு ஹோஸை எடுத்தார்.

மறுநாள் காலை அவள் மறுபடியும் ஒன்பதாவது படியில் நின்றாள். கீழே அவர் வால்வைத் திறந்துகொண்டிருந்தார். இன்ஜினியர் நோட்டுப்புத்தகத்தோடு வந்து, கோட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றார்.

"என்னம்மா காட்டுது?"

"மூணு புள்ளி அஞ்சு, சார்!"

கம்ப்ரஸர் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. காதருகே கையை வைத்துக் குனிந்தார்.

"மூணு புள்ளி அஞ்சு! கிட்ட வந்து பாருங்க, சார்!"

கேட்டுவிட்டது என்று அவர் கையை உயர்த்திக் காட்டினார். நின்ற இடத்திலேயே நின்று, எண்ணை மட்டும் எழுதிக்கொண்டார்.