சொல்லாமல் வைத்த சாவு

என் மாமனார் செத்ததை என் புருஷனிடம் சொல்ல வேண்டாம் என்று இந்த வீட்டில் முடிவெடுத்தபோது நான் புழக்கடையில் நின்று கத்தினேன். கத்தினேன் என்றால் தெருவுக்கே கேட்டிருக்கும். பிள்ளையார்பாளையத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை, எதையும் மூடி மறைக்க முடியாது. ஆனாலும் மறைத்தார்கள்.

என் புருஷன் ஜெயக்குமார் விமானப்படையில் என்ஜின் மெக்கானிக். சண்டை விமானம் கிளம்புவதற்கு முன் அதன் வயிற்றுக்குள் தலையை விட்டுப் பார்த்து, சரி, போகலாம் என்று சொல்கிறவர். மே மாதம் எல்லையில் சண்டை மூண்டது. லீவில் வந்திருந்தவரைப் பாதியிலேயே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அப்போதே மாமா வேலாயுதத்துக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்துக்கொள்ள நான் இங்கேயே தங்கினேன்.

கிளம்பும்போது இவர் கட்டிலருகே உட்கார்ந்து, "நா வந்துடறேம்பா. அதுக்குள்ள எழுந்து உக்காந்துடணும்" என்றார்.

"நீ போய் வேலையப் பாருப்பா" என்றார் மாமா. அப்பனும் பிள்ளையும் கடைசியாகப் பேசியது அவ்வளவுதான்.

எந்த ஊரில் இருக்கிறார் என்று என்னிடம்கூட இவர் சொல்லவில்லை. வேலை செய்யும் இடத்துக்குப் போன் கொண்டுபோகக் கூடாது. அறைக்கு வந்தால்தான் கூப்பிடுவார். டிவியில் அந்தச் சண்டையையே திருப்பித் திருப்பிப் போட்டு உயிரை வாங்கினார்கள். சனியன் பிடித்த பெட்டி என்று நான் பிளக்கைப் பிடுங்கிப்போட்டேன்.

சண்டை நடந்துகொண்டிருந்தபோதே ஒரு காலையில் மாமா போய்விட்டார்.

என் கொழுந்தன் முத்துக்குமார் நல்லவன். அப்பா நெய்த தறியில் இப்போது அவன்தான் நெய்கிறான். அப்பா சொன்னால் அவனுக்கு அது சாமி வாக்கு. இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தறிக்குழியில் கால் வைத்து நெய்துகொண்டிருப்பவனிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. அவன் குழியை விட்டு ஏறி, கால் கழுவி, தண்ணீர் குடித்த பிறகுதான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கை தடுமாறும், அது புடவையில் தெரியும் என்பார் மாமா. அவருடைய அம்மா இறந்ததையே அவருக்கு அப்படித்தான் சொன்னார்களாம்.

"அண்ணன் இப்ப குழியில இருக்குறாரு, அண்ணி. சண்ட முடிஞ்சி ஏறட்டும், சொல்லிக்கலாம்" என்றான் முத்து.

"அது தறி இல்லப்பா. அங்க வழக்கமே வேற" என்றேன்.

படைக் குவார்ட்டர்ஸில் இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவள் நான். விமானப்படைத் தொழிலில் வீட்டுக் கஷ்டத்தை மறைப்பதுதான் தப்பு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், பெண்டாட்டியோடு சண்டை என்றாலும், விமானத்தைத் தொடுவதற்கு முன் மேலே இருக்கும் வாரண்ட் ஆபீசரிடம் சொல்லிவிட வேண்டும். உடனே அந்த ஆளை நகர்த்திவிட்டு வேறு ஆளைப் போடுவார்கள். அதை யாரும் இளக்காரமாக நினைக்க மாட்டார்கள். எங்கள் மகள் கீர்த்தி குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது இவரை ஸ்டோரில் உட்காரவைத்துச் சாமான் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். எல்லாவற்றையும் முத்துவிடம் சொன்னேன்.

"வேற ஆள் இல்லன்னா? இது சண்ட நேரம், அண்ணி. அண்ணன் கை தடுமாறி ப்ளேன் விழுந்துட்டா? அதுல போறவனுக்கும் அப்பா அம்மா இருக்குறாங்க இல்ல?"

எனக்குப் பயம் வந்துவிட்டது. வாயாடி என்று ஊரே பேர் வைத்த என் வாய் அந்த இடத்தில் அடைத்துப்போனது.

மத்தியானம் இவருடைய பெரியப்பா மகன் தேவேந்திரன், மாமாவின் படத்தை மாலையோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டான். முத்து அவனைத் திட்டி உடனே எடுக்கவைத்தான். சாயங்காலம் இவரிடமிருந்து போன் வந்தது.

மாமா கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். வாசலில் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். முத்து ஓடிப்போய் அவர்களை நிறுத்தச் சொன்னான். அழுதுகொண்டிருந்த பெண்களைப் பார்த்து வாயில் விரலை வைத்துக் காட்டினான். அத்தனை பேரும் கப்சிப் என்று ஆனார்கள். இப்படி ஒரு கூத்தை நான் எந்தச் சாவு வீட்டிலும் பார்த்ததில்லை. அதற்குப் பிறகுதான் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"அப்பா எப்டி இருக்காரு?"

"தூங்கறாருண்ணா. இப்பத்தான் கஞ்சி குடிச்சாரு."

"நெஜமா?"

"நெஜமாண்ணா. நீ கவலப்படாம வேலையப் பாரு."

"புவனா எங்க?"

முத்து என்னைப் பார்த்தான். "அண்ணி கடைக்குப் போயிருக்காங்க."

நான் அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"சரிப்பா" என்றார் இவர். அந்தக் குரலில் அப்படி ஒரு நிம்மதி.

மறுநாள் முத்து கொள்ளி வைத்தான். தகப்பனுக்குக் கொள்ளி வைக்கவேண்டியவன் மூத்த பிள்ளை. சின்னவன் கையில் சட்டியைக் கொடுத்தபோது சுற்றி நின்ற உறவுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாலாற்றில் தண்ணீர் ஏது, மூன்று ஆறு கூடுகிற திருமுக்கூடல் வரை போய் அஸ்தியைக் கரைத்தார்கள். மொட்டைத் தலை தெரிந்துவிடும் என்று முத்து வீடியோ கால் வந்தால் எடுக்கமாட்டான். நானும் போனில் அதே பொய்யைச் சொன்னேன். மாமா தூங்குகிறார், மாமா இப்போதுதான் சாப்பிட்டார் என்று கூசாமல் சொன்னேன். பேசி முடித்துவிட்டுக் குளியலறையில் போய் அழுவேன்.

சண்டை நின்றது. இவருக்கு லீவு கிடைத்தது. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மாறி மாறி ஏறி இவர் வந்து இறங்கியது கருமாதி அன்று விடிகாலையில்.

முத்து தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றான். "உள்ள வராதண்ணா. மொதல்ல கால் கழுவு" என்று சொம்பை நீட்டினான். குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். இவர் குடித்துக்கொண்டே கூடத்தை எட்டிப் பார்த்தார். கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. பையிலிருந்து அப்பாவுக்கு வாங்கிவந்த சால்வையைக் கையில் எடுத்து வைத்திருந்தார். முத்து துண்டை அவிழ்த்துவிட்டு இவர் காலில் விழுந்தான்.

இவர் அழவில்லை. அவனைத் தூக்கி நிறுத்தி, "எப்ப?" என்று மட்டும் கேட்டார்.

முத்து சொன்னான்.

"அது நா போன் பண்ண அன்னிக்கு."

"ஆமாண்ணா."

"நா பேசினப்ப எங்க இருந்தாரு?"

"இங்கதாண்ணா. பொட்டியில."

இவர் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். அப்புறம் சொல்ல ஆரம்பித்தார்.

"தேவேந்திரன் ஸ்டேட்டஸப் பாத்துட்டேன். நேரா வாரண்ட் ஆபீசர்கிட்ட போய்ச் சொன்னேன். அப்பவே என்ன மெஷின விட்டு நவுத்திட்டாரு. வீட்ல கேட்டுக்கினு வா, நெஜம்னா பாடிய வச்சிருக்கச் சொல்லு, இன்னைக்கே ரயில் ஏத்தி அனுப்பறேன், வேற ஆள் இருக்குதுன்னாரு. அதுக்குத்தான் போன் பண்ணேன். படத்தப் பாத்தேன்னு என் வாயால சொல்ல பயமா இருந்துது. நீ தூங்கறாருன்ன. திரும்பிப் பாத்தா படமும் இல்ல, வேற யாரோட படமோன்னு நெனச்சிக்கினேன். ஓடிப்போய் எங்கப்பா நல்லா இருக்காரு சார்னு சொல்லி, எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தேன்டா."

முத்து வாயைப் பொத்திக்கொண்டான்.

"அன்னிக்கு போன்ல தறிச் சத்தமே கேக்கல. பக்கத்து வீட்லகூட இல்ல. சாவு விழுந்தாத்தான் தெருவுல தறி அப்டி நிக்கும். அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "முத்துவுக்கு எங்க வேல தெரியாது. உனக்குத் தெரியுமே, புவனா."

என்னை அவர் அடித்திருக்கலாம். அது தேவலை என்றிருந்தது.

"இன்னைக்காவது நீ உக்காருண்ணா" என்று முத்து கெஞ்சினான். சடங்கு செய்ய வந்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. கொள்ளி வைத்தவன்தான் கடைசிவரை செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். மூத்த பிள்ளை கூட்டத்தோடு கூட்டமாக, துக்கம் கேட்க வந்தவர் மாதிரி ஓர் ஓரமாக நின்றிருந்தார்.

மத்தியானம் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது இவரைக் காணவில்லை. தேடிப்போனேன். புழக்கடையில் நின்று போனில் வாரண்ட் ஆபீசரிடம் பேசிக்கொண்டிருந்தார். இந்தியில்தான் பேசினார். எனக்குப் புரியும்.

"சார், எங்கப்பா தவறிட்டாரு. நா திரும்பி வந்தாலும் கொஞ்ச நாளைக்கு என்ன மெஷின் பக்கம் விடாதீங்க."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். எப்போது என்று கேட்டிருக்க வேண்டும்.

"இன்னைக்குத்தான், சார்" என்றார்.

போனை வைத்த பிறகுதான் அழ ஆரம்பித்தார். நான் வாசற்படியிலேயே நின்றேன். கிட்டே போக எனக்குத் துணிச்சல் வரவில்லை.